டிலனாய் எந்தக் கப்பலுக்குத் தளபதி?

கன்னியாகுமரி அருகிலுள்ள வட்டக்கோட்டைக்கு வருகிறவர்களிடம் சொல்லப்படும் கதை ஒன்றுண்டு. குளச்சல் போரில் தோற்ற டச்சுக் கடற்படைத் தளபதி, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் சரணடைந்து, அவருக்கே இந்தக் கோட்டையை எழுப்பிக் கொடுத்தாராம். 'அட்மிரல் டிலனாய்' என்றே அச்சிடுகிறவர்களும் இருக்கிறார்கள். கோட்டைப் பணியை அவர் மேற்பார்த்தது உண்மை. அந்தப் பதவி பொய்.

1741இல் பிடிபட்டபோது டிலனாய் இருபதுகளின் நடுவில் இருந்த இளைஞர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களைப் படித்த ஆய்வாளர்கள் அவரைக் கீழ்நிலைப் படையாளாகவே காண்கிறார்கள். படையெடுப்பை நடத்தியவர்கள் வேறு அதிகாரிகள்.

பத்மநாபபுரம் அரண்மனையில் சரணடையும் காட்சி ஓவியமாக இருக்கிறதே என்பார்கள். அந்த ஓவியம் வெற்றியைக் கொண்டாடுகிறது. கம்பெனியில் யாருக்கு என்ன பதவி என்பதை அதனிடம் கேட்கக் கூடாது. பத்துப் புத்தகங்களில் வந்திருக்கிறதே என்பார்கள். ஒன்றைப் பார்த்து ஒன்பது எழுதப்பட்டால் அது ஒரே சாட்சிதான். அந்த ஒன்றும் செவிவழிச் செய்தியென்றால், சாட்சியே இல்லை.

டிலனாயின் காலத்துக்கு நெருங்கிய சான்று உதயகிரிக் கோட்டைக்குள்ளேயே கிடக்கிறது. 1777 ஜூன் 1இல் இறந்த டிலனாயின் கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் பொறித்திருக்கிறார்கள். ஏறக்குறைய 37 ஆண்டுகள் திருவிதாங்கூர் படையை நடத்தியவர், காயங்குளம் முதல் கொச்சி வரை மன்னருக்கு வென்று கொடுத்தவர் என்பதே அதன் பெருமிதம். டச்சு அட்மிரல் என்ற பேச்சு அதில் இல்லை.

வதந்தி ஏன் வென்றது? தோற்றவனின் பதவி உயர்ந்தால் வென்றவனின் புகழும் உயரும் என்ற ஆசைதான். அந்த ஆசை டிலனாயின் வாழ்க்கையையே திருடிவிட்டது. பெயரில்லாத கைதி ஒருவர் வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்து, கோட்டைகளைப் பலப்படுத்தி, 'வலிய கப்பித்தான்' (பெரிய தளபதி) என்று நாட்டார் மதிக்கும் இடத்துக்கு உழைத்து உயர்ந்தார். திறமையைக் கண்டு எதிரிப் படையாளிடமே பொறுப்பை ஒப்படைத்த மன்னரின் கூர்மையும் அதில் தெரிகிறது. முதலிலேயே டிலனாயை அட்மிரலாக்கிவிட்டால் இந்த இரண்டு பெருமைகளும் மறைந்துபோகும்.

'அட்மிரல்' என்று எழுதுகிறவர் ஆவணத்தைக் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால், பாடநூலானாலும் சுற்றுலாக் கையேடானாலும், அந்தச் சொல்லை அடித்துவிட்டு 'படையாள்' என்று எழுதட்டும். டிலனாய் ஈட்டிய புகழுக்கு அதுவே சரியான தொடக்கம்.