மேட்டு லயத்துக்குக் கடிதம்

இலங்கையின் ஹட்டனுக்கு நான் வெளிநாட்டுக்காரி. அக்கம்பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ஊருல இருந்து வந்த அக்கா" என்பார்கள். திருச்சிக்காரி என்றதும் மேட்டு லயத்துப் பாட்டி கேட்டார்: "முசிறிப் பக்கமா, தொறையூர்ப் பக்கமா?" இரண்டு ஊரையும் அவர் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவும் பார்த்ததில்லையாம்.

டவுன் முடிந்து தேயிலை மலை ஏறத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது நான் குடியிருக்கும் வாடகை வீடு. பின்கதவைத் திறந்தால் கல்படிகள், அதற்கு மேலே தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயம். விடியும் முன்பே ரொட்டி சுடும் வாசம் இறங்கி வரும், கூடவே சம்பல் இடிக்கும் சத்தம். பிறகு இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் பிள்ளைகளைக் காப்பகமான புள்ளக்காம்பராவில் விட்டுவிட்டு, வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு ஓடுவார்கள். மழை பெய்தாலும் இந்த ஓட்டம் நிற்காது. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்கிற வீட்டிலிருந்துதான் எனக்குத் தோட்டத்துத் தேயிலைத்தூள் பொட்டலம் வருகிறது. வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார்கள்.

இங்கே என்னை மிகவும் உறுத்துவது தபால். என் கடிதங்கள் வாசலுக்கே வந்துவிடுகின்றன: வீட்டு இலக்கம், தெருப்பெயர், ஹட்டன் 22000. விசா விண்ணப்பத்தில் நான் எழுதிக்கொடுத்ததும் இதே விலாசம்தான். கல்படிகளுக்கு மேலே தபால்காரர் போவதில்லை. அங்கே உள்ளவர்களின் கடிதங்கள் தோட்டத்து ஆபீசுக்குப் போய், அங்கிருந்து யார் கையிலாவது லயத்துக்கு வர வேண்டும். பெயர், டிவிசன், தோட்டம், அதோடு விலாசம் முடிந்தது. ஒரே டிவிசனில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் கடிதம் யாருக்கென்று யார் சொல்வது? நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த கடிதம் தேதி முடிந்தபின் வந்த கதையை நான் பல வீடுகளில் கேட்டுவிட்டேன்.

1948இன் குடியுரிமைச் சட்டம் இந்தத் தோட்டத் தமிழர்களின் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கு 2003இல்தான் சட்டம் குடியுரிமைக்கு வழி திறந்தது. இன்று அடையாள அட்டை உண்டு, வாக்கு உண்டு. வீட்டுக்கு இலக்கம் இல்லை.

காரணமும் சட்டத்தில்தான் இருந்தது. 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின்படி தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் தம் நிதியைச் செலவழிக்க முடியாமல் இருந்தது. சபைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களின் லயத்துக்கே அந்தச் சபையால் ஒரு படிக்கட்டுக்கூடப் போட்டுத்தர முடியவில்லை. 2018இல் அதைத் திருத்தினார்கள். இந்தப் பகுதியின் அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா சபைகளும் வந்தன. தடை நீங்கி இத்தனை வருடமாகியும் என் வீட்டுக்குப் பின்னாலுள்ள இந்தப் படிகளில் இலக்கம் எழுத யாரும் ஏறவில்லை. ஒரு டப்பா பெயின்டும் ஒரு நாள் வேலையும் போதும் இதற்கு. தனிவீடும் காணி உறுதியும் கேட்டுப் போராடுகிறார்கள், அது பெரிய விஷயம், காலம் பிடிக்கும் என்பது எனக்குப் புரிகிறது. கதவில் ஓர் எண் எழுதுவதை ஏன் அதுவரை தள்ளிப்போட வேண்டும்?

பாட்டியின் பேத்தி உயர்தரம் எழுதிவிட்டாள். பத்தனையில் இருக்கும் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது படிக்கட்டில் நின்று கேட்டாள்: "ஒங்க விலாசத்தப் போட்டுக்கட்டுமாக்கா?" போட்டுக்கொள்ளச் சொன்னேன். இப்போது என் தபால்பெட்டிக்கு அவளைப் போல இன்னும் சில பிள்ளைகளின் கடிதங்களும் வருகின்றன. ஐந்து தலைமுறையாக இந்த மலையில் இருப்பவர்கள், போன வருடம் வந்த ஒருத்தியின் பெயருக்கு முன்னால் 'மே/பா' போட்டுக் கடிதம் வாங்குகிறார்கள்.

சித்திரையோடு என் விசா முடிகிறது. கல்லூரியின் பதில் அதற்குள் வருமா என்று அவள் தினமும் கேட்கிறாள். வராவிட்டால் அடுத்து குடிவருகிறவர் வாங்கி வைப்பாரா என்று வீட்டுக்காரரிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.