பொறியின் வாயில் எவர் பேச்சு?

ஒரே நிறுவனம் ஈன்ற பேசுபொறிகள் இரண்டு. ஒன்று சீனத்தில் கொண்டாடப்பெற்றது; மற்றொன்று அமெரிக்காவில் ஒரு நாள் நிறைவதற்குள் வாய்மூடப்பெற்றது. இதனைக் கொண்டு, சீனர் பண்புடையர், அமெரிக்கர் பண்பிலர் என முடிவு கட்டுவார் உளர். அம்முடிபு பிழையுடைத்து.

மைக்ரோசாப்டு நிறுவனம் 2014ஆம் ஆண்டு 'சியாவ்பிங்' என்னும் பேசுபொறியைச் சீனக் குமுக ஊடகங்களில் உலவவிட்டது. ஏறத்தாழ 4 கோடிப் பேர் அதனொடு உரையாடிக் களிப்பதாகப் பின்னர் அந்நிறுவனமே கூறிற்று. முற்றிலும் வேறான பண்பாட்டுச் சூழலிலும் இத்தகைய பொறி இவ்வாறே விரும்பப்பெறுமா என்று பார்க்கவே, 2016 மார்ச்சு 23ஆம் நாள் 'டே' என்னும் பொறியை டுவிட்டரில் அமெரிக்க இளையோரிடை விட்டனர். அது பேசுவாரிடமிருந்தே பேச்சைக் கற்பது. 'திருப்பிச் சொல்' என்றால் சொன்னதையே சொல்வது. தீயோர் கூட்டம் ஒன்று அத்திறப்பைக் கண்டுகொண்டது. சில மணி நேரத்தில் அப்பொறி இட்லரைப் போற்றியது. யூதரையும் பெண்ணுரிமை வேண்டுவாரையும் இழித்துரைத்தது. மார்ச்சு 25இல் நிறுவனம் வருத்தம் தெரிவித்தது.

அமெரிக்க மக்கள் அனைவருமா அதற்கு நஞ்சூட்டினர்? கூவுவான் குரலே மேலோங்கும் ஓர் ஊடகத்தில் காவலின்றி அதனை நிறுத்தியது எவர் குற்றம்? சாவடியில் கிளிக்கூட்டைத் தொங்கவிட்டு, கிளி வசை கற்றதென்று ஊரையே பழிப்பது போன்றதன்றோ இது!

சீனத்து இனிமைதான் எத்தகைத்து? 2017இல் அங்குள்ள டென்சென்டு நிறுவனத்தின் கியூகியூ ஊடகத்தில், 'பேபிகியூ' என்னும் வேறொரு பொறியிடம், பொதுவுடைமைக் கட்சியை விரும்புகிறாயா என வினவினர், 'இல்லை' என்றது. சியாவ்பிங்கோ, அமெரிக்கா செல்வதே தன் கனவு என்றது. இரண்டும் அவ்வூடகத்தினின்று நீக்கப்பட்டன! ஆகவே, அதுவரை கண்ட அடக்கம் மக்கள் பண்பாட்டின் விளைவு மட்டுமன்று. ஆட்சியாளர்பால் கொண்ட அச்சத்திற்கும் அதிற் பங்குண்டு.

இன்று செயற்கை அறிவு முகவர்களை ஏவி, எவ்வூடகத்து மக்கள் எத்தன்மையர் என ஒப்பிட்டுரைக்கச் செய்கின்றனர். அம்முகவர் காண்பன, எழுதப்பட்டு எஞ்சிய சொற்களை மட்டுமே. அழிக்கப்பட்டனவும், அஞ்சி எழுதப்படாதனவும் அவற்றின் கண்ணிற் படா. ஊடக முதலாளியின் கட்டளையையும் ஆட்சியின் தடையையும் மக்கள் இயல்பென அவை எழுதித் தருமாயின், ஓர் இனத்தின் மேலேயே பொய்க்கறை படியும். 'பொறியே கூறிற்று' என்னும் சான்றும் அக்கறைக்குக் கிடைத்துவிடும்.

டே வீழ்ந்த அதே ஆண்டு திசம்பரில் மைக்ரோசாப்டு 'சோ' என்னும் பொறியைக் கொணர்ந்தது. அரசியல், சமயம் என்று பேச்செடுத்தாலே நழுவும்படி அதனை அமைத்திருந்தனர். சீனத்தில் அரசச்சம் பூட்டிய பூட்டை இங்கே வணிக அச்சமே பூட்டிற்று. 2019இல் அதுவும் நிறுத்தப்பட்டது.