கடைக்கு ராசி எது?

நமது நாட்டில் ஒருவன் சிறு கடை ஒன்று வைக்க வேண்டுமென்று எண்ணினால், அவன் முதலில் போவது கணக்குத் தெரிந்தவனிடமல்ல, ஜோசியனிடமேயாகும். நாள் பார்த்து, மனை பார்த்து, கடையின் பெயரில் எழுத்தைக் கூட்டிக் குறைத்து, ஹோமம் வளர்த்துத் தட்சணை கொடுத்து, வாசலில் பூசணிக்காயும் எலுமிச்சம்பழமும் தொங்கவிட்டுக் கடையைத் திறக்கிறான். இவ்வளவும் செய்தவன், மாதம் எவ்வளவு விற்றால் வாடகை கட்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிப் பார்த்தானா என்றால், அதுதான் இல்லை. கடை ஓடினால் "சாமி அருள்" என்கிறான். ஓடாவிட்டால் "ராசி இல்லை" என்கிறான். இரண்டிலும் அறிவுக்கு வேலையே இல்லாமல் போய்விடுகிறது.

திங்கட்கிழமை காலை 7½ மணி முதல் 9 மணி வரை ராகு காலம் என்று பஞ்சாங்கம் சொல்லுகிறது. இட்லிக் கடைக்காரனுக்கு அந்த ஒன்றரை மணி நேரந்தான் நல்ல வியாபாரம். அப்போது எந்தக் கடைக்காரனாவது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பதுண்டா? அந்த நேரத்தில் வாங்கின காசு செல்லாமற் போனதுண்டா? கடையைத் திறப்பதற்கு ஆகாத நேரம், வாரந்தோறும் விற்பதற்கு மாத்திரம் எப்படி ஆகிறது என்று கேட்கின்றோம்.

நிற்க, உண்மையில் கடை எப்படிக் கெடுகிறது என்பதைப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, 1,00,000 ரூபாய் கைமுதல் போட்டு ஒருவன் மளிகைக்கடை வைக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய்க்கு விற்கிறான். கல்லா நிறைகிறது, ஊரார் "முதலாளி" என்கிறார்கள். ஆனால் நூற்றுக்குப் 12 ரூபாய் கிடைத்தால், 5,000த்தில் அவனுக்கு நிற்பது 600தான். அதில் வாடகை 200, விளக்குச் செலவும் வண்டிக்கூலியும் 120, கெட்டதும் சிந்தினதும் 80 என்று 400 போனால், மீதி 200 ரூபாய். கல்லாவில் 5,000 இருப்பதைப் பார்த்து அவன் வீட்டுக்கு எடுப்பதோ 600 ரூபாய். ஆகவே தினம் 400 ரூபாயை லாபம் என்று நினைத்துக்கொண்டு முதலைத் தின்று வருகிறான். 250 நாளில் லட்ச ரூபாயும் தீர்ந்து போகிறது. இதைச் செய்தது சனியா, கூட்டல் கழித்தலா?

இதில் கடனும் சேருகிறது. கடன் கொடுத்தால்தான் வியாபாரம் என்பது ஒரு நம்பிக்கை. 1,000 ரூபாய்ச் சரக்கு கடனில் போய் வராமல் நின்றுவிட்டால், அந்தச் சரக்கின் அசலை மீட்க இன்னும் 7,000 ரூபாய்க்கு மேல் விற்றாக வேண்டும். முதல் குறைந்தவுடன் அவன் தண்டல்காரனிடம் போகிறான். 10,000 என்று எழுதி 8,500 கையில் வாங்கி, தினம் 100 ரூபாயாக 100 நாள் கட்டுகிறான். "1,500தானே வட்டி" என்கிறான். அசல் நாளுக்கு நாள் குறைந்து வருவதைக் கணக்கிட்டால், அது ஆண்டுக்கு நூற்றுக்கு நூறையும் தாண்டிய வட்டி. கந்து வட்டியையும் தண்டலையும் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. ஆனால் கணக்குப் போடாதவனைச் சட்டம் எத்தனை நாளைக்குக் காப்பாற்றும்?

கடைசியில் கடை மூடப்படுகிறது. அப்போது வீட்டில் என்ன பேச்சு? "இவள் வந்த வேளை" என்று மனைவியின் மேல் பழி! அந்த அம்மாள் யார்? காலையில் வீட்டு வேலையை முடித்துவிட்டு, புருஷன் சரக்கெடுக்கப் போகும்போதெல்லாம் கடையில் உட்கார்ந்து, புடைத்துப் பொட்டலம் கட்டினவள். அவளுக்கு ஒரு காசு கூலி எழுதினதுண்டா? லாபம் வந்தால் பங்கில்லை. நஷ்டம் வந்தால் மாத்திரம் அவள் ராசியா? பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று 1929இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானித்தோம். 1989இல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்துக்கு அப்படிச் சட்டமும் வந்தது. ஆனால் கல்லாப்பெட்டிக்குள் அந்தத் தீர்மானம் இன்னும் நுழையவில்லை.

"நம் ஜாதிக்கு வியாபாரம் வராது" என்பது மற்றொரு பொய். சூத்திரன் திறமை உள்ளவனானாலும் பொருள் சேர்க்கலாகாது என்று மனுதர்மத்தின் 10ஆவது அத்தியாயம் விதிக்கிறது. வராது என்றால் ஏன் தடுக்க வேண்டும்? வரும் என்பதனால்தானே தடுத்தான்! பெரியார் அவர்கள் பள்ளிப் படிப்பை விட்டுத் தம் தகப்பனாரின் ஈரோட்டு மண்டியில் வியாபாரம் பழகியவர். எல்லாம் விதிப்படி நடக்கிறதென்று வாதாடிய ஒரு கடைக்காரரின் தட்டியைத் தாங்கிய கோலை வாலிபத்தில் அவர் தட்டிவிட்டதும், தட்டி தலையில் விழுந்தவர் விதியை மறந்து கோபித்ததும் தோழர்கள் அறிந்ததே. அடி பட்டால் ஆள் யாரென்று தேடுகிற நாம், முதல் போனால் மாத்திரம் விதியைத் தேடுவானேன்?

கணக்கு எழுதினால் நஷ்டமே வராது என்று நாம் சொல்ல வரவில்லை. எதிரில் பெரிய கடை வரலாம், வெள்ளம் வரலாம், ஊரில் வேலையில்லாமல் வாங்கும் சக்தி குறையலாம். எழுதியும் மூடவேண்டி வரலாம். ஆனால் முன் சொன்ன மளிகைக்காரன் எழுதி வந்திருந்தால், மூன்றாவது மாதத்திலேயே 36,000 போனதைக் கண்டு, மீதி 64,000 ரூபாயோடு வெளியே வந்து வேறு வழி பார்த்திருப்பான். ராசியை நம்பினதால் எல்லாம் போய், தண்டல்காரனுக்கு அடிமையானான், கட்டியவளையும் பழித்தான்.

ஆகையால் கடை வைத்திருக்கும், வைக்கப்போகும் தோழர்களுக்கு நாம் சொல்லுவதாவது: கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் ஒரே பெட்டியில் போடாதீர்கள். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் கூலி எழுதி, அதன் பிறகு மிஞ்சுவதையே லாபமென்று சொல்லுங்கள். ஜோசியனுக்குக் கொடுக்கும் தட்சணையில் ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வாங்குங்கள். அதைத் திறந்து எழுதுவதற்கு ராகு காலம் பார்க்க வேண்டியதில்லை, இன்றிரவே ஆரம்பிக்கலாம்.