மெமரியைக் கூட்டினா சரியாயிடுமா? போங்கப்பா!

டிஸ்கி: இது பொட்டி தட்டுற பதிவு. கவிதை தேடி வந்தவங்க மன்னிச்சுக்கோங்க :-)

"சர்வர் ஸ்லோ"ன்னு யாராவது சொன்ன அடுத்த நிமிஷமே "மெமரியைக் கூட்டு, ரெண்டு சிபியு சேர்த்துப் போடு"ன்னு ஒரு வைத்தியம் சொல்றாங்க பாருங்க, கேட்டாலே பத்திக்கிட்டு வருது. தனியா நிக்கிற பொட்டியில அது சில சமயம் பலிக்கும். மெயின்ஃப்ரேம்ல, இசட்/விஎம் மேல ஐம்பது லினக்ஸ் ஓடுற இடத்துல நோயைத்தான் கூட்டும்.

எங்க ஊரு ஆம்பூர் (2019-லேர்ந்து திருப்பத்தூர் மாவட்டம், வாயில இன்னும் வேலூர்னுதான் வருது). பாலாறு காய்ஞ்சு கிடக்கும். டேனரிக்காரர் தண்ணி பத்தலன்னு போரை இன்னும் நூறடி இறக்குவார். பக்கத்துத் தோப்புக் கிணறு வத்தும், அவரும் இறக்குவார். அவங்கவங்க போருக்குள்ள எட்டிப் பார்த்து என்ன புண்ணியம்? அடியில இருக்கிறது ஒரே தண்ணி.

இசட்/விஎம் மெமரியும் அப்படித்தான். லினக்ஸுக்கு எவ்வளவு கொடுத்தாலும் மிச்சத்தையெல்லாம் ஃபைல் கேஷுக்கு எடுத்துக்கும். தனிப் பொட்டியில அது நல்ல குணம். ஐம்பது பேரும் அதையே பண்ணா நிஜ மெமரி பத்தாம, விஎம் அடியில டிஸ்க்குக்குப் பேஜிங் பண்ண ஆரம்பிக்கும். உள்ள இருக்கிற லினக்ஸோ "என்கிட்ட ஸ்வாப்பே இல்லையே"ன்னு சமர்த்தா சொல்லும். உடனே நம்மாளு இன்னும் ரெண்டு ஜிபி கூட்டுவார்! உண்மையில குறைக்கணும் சாமி. விடிஸ்க்குல லேசா ஸ்வாப் ஆகுற அளவுக்குக் குறைச்சுப் பாருங்க.

சிபியு கதை இன்னும் ஜோரு. ஒரு கெஸ்டுக்கு வழக்கமா ஷேர் ரிலேடிவ் 100. வர்ச்சுவல் சிபியுவை நாலாக்கினா அந்த நூறு நாலா பிரிஞ்சு, ஆளுக்கு 25. பிரியாணி அதே அண்டாதான், தட்டு மட்டும் நாலு. நெருக்கடி நேரத்துல ஒரே த்ரெட்டா ஓடுற வேலைக்குக் கால் பங்குதான் உரிமை.

'டாப்'பை மட்டும் பார்த்துத் தீர்ப்பு சொல்றவங்களுக்கு ஒரு பழைய கதை. 2000-க்கு அப்புறம் வந்த ஆரம்ப லினக்ஸ்கள் சும்மா இருக்கும்போதும் செகண்டுக்கு நூறு தடவை டைமருக்காக முழிச்சுக்கும். எந்த கெஸ்டுக்குள்ள போய்ப் பார்த்தாலும் "நான் சும்மாதான் இருக்கேன்". வெளியில இருந்து பார்த்தா, வேலையே இல்லாத கெஸ்டுகளே சிபியுவைத் தின்னுக்கிட்டிருக்கும். விஎம் கண்ணுக்கு எல்லாரும் பிஸி, அதனால அவங்க பேஜ்களையும் லேசுல பிடுங்காது. தேவைப்பட்டா மட்டும் முழிக்கிற டைமர் பேட்ச் வந்துதான் விடிஞ்சுது. உள்ளேயே உக்காந்திருந்தா யாரு கண்டுபிடிச்சிருப்பா?

2005-ல 2.6.11 கர்னலோட 'ஸ்டீல்' கணக்கு வந்துச்சு. நாம ரெடியா நின்னும் சிபியு கிடைக்காத நேரம் அது. எடுத்துக்கிட்டது யாருன்னு அதுவும் சொல்லாது. அதுக்கு விஎம் பக்கம் போய் இண்டிகேட் லோடு, இண்டிகேட் க்யூஸ், பெர்ஃபார்மன்ஸ் டூல்கிட் பார்க்கணும். அதுக்கும் அடியில எல்பார் வெயிட் இருக்கு. இதெல்லாம் ஒண்ணும் நேத்து முளைச்ச வித்தையில்ல. ஐபிஎம் விஎம்/370-ஐ அறிவிச்சது 1972-ல, ஐஐடி மெட்ராஸுக்கு 370/155 வர்றதுக்கு முந்தின வருஷம்.

இப்போ என் கோபத்துக்கு வர்றேன். நான் பார்த்த ஒரு இடத்துல (பேர் வேணாம்) லினக்ஸ் பசங்களுக்கு விஎம் பக்கம் எட்டிப் பார்க்கவே அனுமதி கிடையாது. விஎம் ஆளுங்களுக்கு அப்ளிகேஷன்னா என்னன்னே தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் வாங்குறதும் திட்டு வாங்குறதும் லினக்ஸ் பையன். கடைசியில "இன்னொரு ஐஎஃப்எல் எஞ்சின் வாங்கு"ன்னு முடிவு. எஞ்சின் கணக்குல லைசன்ஸ் வாங்குற சாஃப்ட்வேர் விலையும் கூடவே ஏறும். தோல் கழிவு வழக்குல 1996-ல சுப்ரீம் கோர்ட்டு, கெடுத்தவனே செலவை ஏத்துக்கணும்னு சொல்லிச்சு. இங்க உல்டா: எவனோ தின்னான், பட்டினி கிடந்தவன் டிபார்ட்மெண்டுக்கு பில்லு.

கேட்டா "செக்யூரிட்டி"ம்பாங்க. கிளாஸ் ஈ உரிமையை மொத்தமா கொடுத்தா அடுத்தவன் மெமரியைக்கூடப் பார்க்கலாம், ஆபத்துதான், ஒத்துக்கறேன். ஆனா டூல்கிட் திரையை ப்ரவுசர்லேயே காட்டலாமே அண்ணாச்சி? பசங்க கேட்கிறது பார்க்கிறதுக்கு மட்டும்தானே?