மின்தேக்கி இருக்கக் ‘கெப்பாசிட்டர்’ எதற்கு?

ஆனிச் சாரலில் குற்றாலப் பேரருவியின் முன் நிற்பவன் ஈர்ப்புப் புலம் செய்யும் வேலையைக் கண்ணாரக் காண்கிறான். உச்சியிலிருந்து விழும் சிற்றாற்று நீர் நேரே குளிப்பவர் தலையில் இறங்குவதில்லை. இடைவழியில் பொங்குமாங்கடல் என்னும் பாறைக்குழியில் வீழ்ந்து, நிரம்பி, பொங்கி, சீற்றம் தணிந்த பின்னரே மீண்டும் கீழிறங்குகிறது. அத்தணிவு இல்லையேல் அருவியடியில் எவர் நிற்க இயலும்?

இயற்கை இவ்வாறு திறந்து வைத்த பள்ளியின் பக்கத்திலே பிறந்த பிள்ளைக்கும், பிற ஊர்ப் பிள்ளைகளுக்குப் போலவே, தமிழ்வழி வகுப்பிலேயே ‘எலக்ட்ரிக் பீல்டு’ என்றும் ‘கெப்பாசிட்டர்’ என்றும் ஓதப்படுகிறது. கையிலுள்ள நூலில் மின்தேக்கி. ஆசிரியர் நாவில் கெப்பாசிட்டர். தேர்வுத் தாளில் மீண்டும் மின்தேக்கி! பிள்ளை எதைப் பற்றிக்கொள்வான்?

புலம் என்னும் சொல்லை எண்ணிப் பாருங்கள். பழந்தமிழில் அது விளைநிலம். தென்காசி உழவர் வைத்திருக்கும் பட்டாவில் இன்றும் ‘புல எண்’ என்றே காண்கிறோம். நன்செயில் இடத்துக்கிடம் வளம் வேறுபடுவதுபோல, ஒரு மின்னூட்டத்தைச் சுற்றியுள்ள வெளியிலும் இடத்துக்கிடம் வலிமை வேறுபடும். அங்கே இன்னொரு மின்னூட்டத்தைக் கொண்டுபோய் வைத்தால் எவ்வளவு விசை, எப்பக்கம் என்பதை அவ்விடமே முடிவு செய்கிறது. அதுவே மின்புலம். ஆங்கிலேயனும் தன் வயலுக்கு வழங்கிய சொல்லைத்தான் எடுத்து அறிவியலுக்கு ஆக்கிக்கொண்டான். அவன் செய்தால் அறிவியல். நாம் செய்தால் புலவர் பிதற்றலா?

நியூட்டன் 1687-இல் வெளியிட்ட ஈர்ப்பு நெறிக்கும் கூலூம் 1785-இல் அளந்து காட்டிய மின்விசை நெறிக்கும் கணக்கு ஒன்றே: தொலைவு இருமடங்கானால் விசை நான்கில் ஒன்றாகும். நிறைக்கு ஈர்க்க மட்டுமே தெரியும்; மின்னூட்டம் ஈர்க்கவும் செய்யும், விலக்கவும் செய்யும். இவ்வளவையும் சொல்ல எந்த அயற்சொல் தேவைப்பட்டது?

மின்தேக்கிக்கு வருவோம். இரு மாழைத் தகடுகளை எதிரெதிரே நிறுத்தி மின்கலத்தோடு இணைத்தால், ஒன்றில் நேர்மின்னூட்டமும் மற்றதில் அதே அளவு எதிர்மின்னூட்டமும் சேர்கின்றன. தகடு அகன்றால் தேக்கம் மிகும். தகடுகள் விலகினால் குறையும். இடையே காக்கைப்பொன் புகுத்தினால் பல மடங்கு கூடும். குண்டாற்று நீர்த்தேக்கத்தைக் கண்ட பிள்ளைக்கு அச்சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது. உவமையை அளவு கடந்து இழுக்கவும் கூடாது. இரு தகடுகளையும் சேர்த்துக் கூட்டினால் மின்னூட்டம் ஒன்றுமில்லை. தேங்கியிருப்பது தகடுகளுக்கிடையேயுள்ள மின்புலத்தின் ஆற்றல். பொங்குமாங்கடலுக்கும் மின்தேக்கிக்கும் உள்ள இவ்வேறுபாட்டைப் பிள்ளை எண்ணும் மொழியிலன்றி வேறெதில் விளக்குவது? ‘கெப்பாசிட்டர்’ என்ற ஒலியோ அவனுக்கு ஒன்றையும் உணர்த்துவதில்லை. ஆகவே அவன் உருப்போடுகிறான்.

சொல் இல்லை என்பார் கூற்றுப் பொய். தென்காசி 2019 வரை நெல்லை மாவட்டத்தில் இருந்தது. அந்த நெல்லையிலிருந்து இயங்கிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம், இ. மு. சுப்பிரமணிய பிள்ளையின் அயரா உழைப்பால், இயற்பியல் உள்ளிட்ட துறைகளுக்கு 1938-இலேயே ‘கலைச்சொற்கள்’ நூலை வெளியிட்டது. 1940-இல் அரசு அமைத்த சீனிவாச சாத்திரியார் குழு வடசொற்பக்கம் சாய்ந்தபோது தமிழறிஞர் வாளாவிருக்கவில்லை. ‘ஆகர்சண சத்தி’ அகன்று ஈர்ப்பு விசை நிலைபெற்றது இத்தகையோர் போராடியதன் பயன். மேனிலை வகுப்பு நூல்களில் ஈர்ப்பியல், நிலைமின்னியல் என்றே இன்று அலகுகள் உள்ளன. நூலுக்குள் வந்த தமிழுக்கு வாய்க்குள் இடமில்லை!

‘கடையில் மின்தேக்கி என்று கேட்டால் கிடைக்குமா?’ என்று நகைப்பாருண்டு. மின்விசிறி பழுது பார்ப்பவர் ‘கண்டென்சர்’ என்கிறார். அது ஆங்கிலேயரே பெரிதும் கைவிட்ட பழஞ்சொல். பள்ளி கற்பித்திருந்தால் கடையும் பேசியிருக்கும். பாரடு, கூலூம் போன்ற அலகுகள் மாந்தர் பெயரால் அமைந்தவை. அவை தமிழெழுத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். அதில் நமக்குப் பூசலில்லை.

ஈழத்துப் பிள்ளைகள் உயர்தர வகுப்பு வரை இயற்பியலைத் தமிழிலேயே கற்றுப் பொறியியலுக்கும் மருத்துவத்திற்கும் செல்கின்றனர். அவர்களுக்கு இக்கருவி ‘கொள்ளளவி’. இரு கரையிலும் ஒரே சொல் வழங்கினால் நன்று. அதை நமக்குள் பேசித் தீர்க்கலாம்.

தீர்க்க வேண்டிய பெருங்கேடு வேறு. 2018-ஆம் ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வின் தமிழ்த் தாளில் 49 வினாக்கள் பிழையாக மொழிபெயர்க்கப்பட்டன என்று வழக்கு எழுந்தது. உயர்நீதிமன்ற மதுரைக் கிளை 196 மதிப்பெண் வழங்குமாறு சூலையில் ஆணையிட்டது. நவம்பரில் உச்சநீதிமன்றம் அதனை நீக்கியது. தமிழ் வினாவில் ஐயம் எழுந்தால் ஆங்கில வினாவே முடிவானது என்பது அத்தேர்வின் நெறி. அஃதாவது, தமிழில் எழுதத் துணிந்தவன் தனக்குத் தெரியாத மொழியில் சரியான வினாவைத் தேடிக்கொள்ள வேண்டும்! தமிழ்நாட்டுப் பாடநூலின் கலைச்சொற்களே வினாத்தாளில் வரவேண்டும். தமிழைத் தேர்ந்தவனுக்குத் தமிழ் வினாவே முடிவாக வேண்டும். இவ்விரண்டையும் தில்லியிடம் கேட்குமுன், தென்காசியாயினும் வேறெவ்வூராயினும், தமிழ்வழி வகுப்பில் கரும்பலகை முன் நிற்கும் ஆசிரியர் நூலில் அச்சாகியுள்ள சொல்லையேனும் வாயால் சொல்லட்டும்.