பெயரை நீக்கினால் போதுமா?

அண்மையில் என் தாயாரின் இரத்தப் பரிசோதனை முடிவை வாங்குவதற்காகத் திருச்சியில் ஒரு பரிசோதனைக் கூடத்துக்குச் சென்றிருந்தேன். "நேரில் வந்திருக்கவே வேண்டாம், வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட்டோமே" என்றார்கள். கைப்பேசியைத் திறந்து பார்த்தேன். வந்திருந்தது வேறொருவரின் அறிக்கை. பெயர், வயது, ஸ்ரீரங்கத்தில் அவர் வசிக்கும் தெரு, சர்க்கரையின் அளவு. அதற்குக் கீழே, அவர் எவரிடமும் சொல்ல விரும்பியிருக்க மாட்டாத இன்னொரு பரிசோதனையின் முடிவு. உடனே அழித்துவிட்டேன். ஆனால், படித்ததை மனத்திலிருந்து அழிக்க முடியவில்லை. மறுவாரம் கோயில் வாசலில் அவர் எதிரே வந்தபோது தலைகுனிந்தவன் நான்தான்.

அது ஓர் ஊழியரின் கைத்தவறு. நோயாளிகளின் ஆவணங்களை மின்னணு வடிவில் நாடு முழுவதும் இணைத்துவரும் இக்காலத்தில், அத்தகைய தவறு ஒருவரோடு நிற்காது.

இணைப்பே வேண்டாம் என்பதல்ல என் வாதம். புதுக்கோட்டை, பெரம்பலூர், அரியலூர், கரூர் மாவட்டங்களிலிருந்து திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கு வருவோரின் கையிலுள்ள பையைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவை புரியும். மங்கிய மருந்துச் சீட்டுகள், மடிந்த எக்ஸ்ரே படங்கள், எந்தத் தேதி என்று தெரியாத ஸ்கேன் அறிக்கைகள். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் மயங்கி விழும் வெளியூர் முதியவருக்கு என்ன மருந்து ஒவ்வாது என்பது மருத்துவருக்கு உடனே தெரிந்தால் ஓர் உயிர் பிழைக்கும்.

2021 செப்டம்பர் 27 அன்று நாடு முழுவதும் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் இயக்கத்தின் வடிவமைப்பும், காகிதத்தில் பார்த்தால், சரியானதே. 14 இலக்க 'ஆபா' எண்ணைப் பெறுவது கட்டாயமில்லை. ஆவணங்கள் அனைத்தும் ஒரே கிடங்கில் குவிக்கப்படுவதில்லை. அவை உருவான மருத்துவமனையிலேயே இருக்கும். எந்த ஆவணத்தை, யார், எத்தனை நாள்களுக்குப் பார்க்கலாம் என்று நோயாளி வரையறுக்கலாம். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும் செய்யலாம்.

நடைமுறையில் என்ன நிகழ்கிறது? பதிவு முகப்பில் நீண்ட வரிசை. "போனில் ஓர் எண் வந்திருக்கும், சொல்லுங்கள்" என்கிறார் ஊழியர். எண் சொல்லப்படுகிறது. எதற்கு என்று கேட்க நோயாளிக்கு நேரமில்லை. விளக்க ஊழியருக்கும் நேரமில்லை. ஒப்புதலின் பெயரால் நடப்பது பல இடங்களில் இவ்வளவுதான்.

"ஆய்வுக்குத் தரவுகளைத் தரும்போது பெயர்களை நீக்கிவிடுகிறோமே, பிறகென்ன அச்சம்?" என்று கேட்பவர்கள் உண்டு. 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் அப்படித்தான் நம்பினார்கள். அரசு ஊழியர்களின் சிகிச்சை விவரங்கள், பெயர் நீக்கப்பட்டு, ஆய்வாளர்களுக்கு வழங்கப்பட்டன. லடான்யா ஸ்வீனி என்ற ஆராய்ச்சி மாணவி 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி, அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் ஆகிய மூன்றையும் ஒப்பிட்டு, மாநில ஆளுநரின் மருத்துவக் குறிப்பையே அடையாளம் கண்டார்.

இந்தக் கணக்கை நம் ஊருக்குப் போட்டுப் பார்க்கலாம். ஸ்ரீரங்கத்தின் அஞ்சல் குறியீடு 620006. அதற்குள் ஒரு லட்சம் பேர் வாழ்வதாகக் கொள்வோம். 80 ஆண்டுகளின் பிறந்த தேதிகளையும் இரு பாலினங்களையும் சேர்த்தால் ஏறத்தாழ 58,000 சேர்க்கைகள் வரும். ஒரு சேர்க்கைக்குச் சராசரியாக இரண்டு பேர்கூடத் தேறமாட்டார்கள். எண்பதைக் கடந்த மூதாட்டி என்றால் பெரும்பாலும் ஒருவர்தான். அவர் யார் என்று உத்தர வீதியிலும் சித்திரை வீதியிலும் இருப்பவர்களுக்குக் கணினி இல்லாமலே தெரியும். தலைமுறைகளாக ஒருவரையொருவர் அறிந்த ஊரில் பெயரை நீக்குவது மட்டும் திரையாகிவிடாது.

திரை விலகினால் இழப்பு யாருக்கு? மனநலச் சிகிச்சை பெறும் பெண்ணின் திருமணப் பேச்சு நின்றுபோகலாம். காசநோயாளி வாடகை வீட்டைக் காலி செய்ய நேரலாம். இதற்கு அஞ்சியே பலர் உள்ளூர் மருத்துவரிடம் உண்மையைச் சொல்லாமல் மறைக்கிறார்கள். அல்லது சிகிச்சைக்கே வருவதில்லை. மறைக்கப்பட்ட நோய் குறையாது, பரவும். எனவே, அந்தரங்கப் பாதுகாப்பு மருத்துவத்துக்கு வெளியே உள்ள விஷயமன்று. மருத்துவத்தின் ஒரு பகுதி.

2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் தாக்கப்பட்டு, அங்கு நாள் கணக்கில் காகிதத்தில் பணியாற்ற வேண்டியிருந்தது. நாட்டின் முதன்மை மருத்துவமனைக்கே அந்நிலை என்றால், தெருமுனைப் பரிசோதனைக் கூடத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

சட்டம் துணைநிற்குமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள். தரவு கசிந்தால் பாதிக்கப்பட்டவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது சட்டம், இது வரவேற்கத்தக்கது. ஆனால், மருத்துவ ஆவணங்களைக் கூடுதல் கவனத்துக்குரிய தனிவகையாக 2011ஆம் ஆண்டு விதிகள் வைத்திருந்தன. புதிய சட்டத்தில் அந்த வகைப்பாடு இல்லை. தவறிழைத்த நிறுவனத்துக்கு ரூ.250 கோடி வரை அபராதம் உண்டு. அத்தொகை அரசின் தொகுப்பு நிதிக்குச் செல்லும். இழப்பீடு கோர வழிசெய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவை நீக்கவும் இச்சட்டம் வகை செய்கிறது. அவமானம் நோயாளிக்கு, அபராதம் கருவூலத்துக்கு என்பது நீதியாகாது. இழப்பீட்டு உரிமை மீண்டும் சேர்க்கப்பட வேண்டும்.

சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் செய்யக்கூடியவையும் உள்ளன. பல் மருத்துவருக்கு மனநலக் குறிப்பு தேவையில்லை. சிகிச்சைக்கு வேண்டியதை மட்டும் திறக்க வேண்டும். ஆவணத்தை யார் திறந்தாலும் நோயாளியின் கைப்பேசிக்குத் தமிழில் ஒரு குறுஞ்செய்தி வர வேண்டும். அவசர சிகிச்சைக்கு ஒப்புதலின்றித் திறக்கலாம். ஆனால், திறந்தவரின் பெயர் பதிவாக வேண்டும். ஆய்வுக்குத் தரும்போது பிறந்த தேதிக்குப் பதில் வயது வரம்பும், அஞ்சல் குறியீட்டுக்குப் பதில் மாவட்டமும் போதும். பதிவு முகப்பில் ஒப்புதலை விளக்குவதற்கென்றே ஒருவரை அமர்த்த வேண்டும்.

பக்கத்து வீதிக்காரரின் நோயை நான் தெரிந்துகொண்டேன் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. அவருக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லும் துணிவு எனக்கும் வரவில்லை. தம்முடைய ஆவணத்தை யார் பார்த்தார்கள் என்று அறியும் உரிமை, எந்த அடையாள எண்ணையும் வழங்குவதற்கு முன்பே அவர் கைக்கு வந்திருக்க வேண்டும்.