பரிசு வாங்கிய கருவி எங்கே?

பொறியியல் கல்லூரி மாணவர்கள் மூவர் நால்வராகச் சேர்ந்து, நோயாளிக்குப் பயன்படும் கருவி ஒன்றைச் செய்து காட்டிப் பரிசு பெறும் போட்டிகள் இப்போது பெருகிவிட்டன. அமெரிக்காவில் மத்திய அரசின் சுகாதார ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று, பட்டப்படிப்பு மாணவர் குழுக்களுக்கென்றே 2012 முதல் இத்தகைய போட்டியை நடத்தி வருகிறது. கர்நாடகம் இதில் பின்தங்கிய மாநிலம் அல்ல. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழக வளாகத்தில் உள்ள கர்நாடக மாநில விஞ்ஞான தொழில்நுட்பக் கவுன்சில், 1977-ம் ஆண்டிலிருந்தே இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்டுகளுக்குப் பண உதவி செய்து, நல்லவற்றைத் தேர்ந்து கண்காட்சியில் வைத்துப் பரிசும் கொடுத்து வருகிறது. மைசூரிலோ 1946-ல் தோன்றிய தேசியப் பொறியியல் கழகமும், 1963-ல் தோன்றிய ஸ்ரீ ஜெயசாமராஜேந்திர பொறியியல் கல்லூரியும் இருக்கின்றன. ரயில்வே பட்டறையிலும் ஆலையிலும் உழைத்த தமிழர்களின் பேரப் பிள்ளைகள் இன்று இத்தகைய கல்லூரிகளில் படிக்கிறார்கள். மகிழ வேண்டிய செய்திதான்.

ஆனால் ஒரு கேள்வி. பரிசு வாங்கிய கருவி அதற்குப் பிறகு எங்கே போகிறது?

பெரும்பாலும் ஆய்வுக்கூட பீரோவுக்குத்தான் போகிறது. செய்த மாணவர்கள் ஜூன் மாதத்தில் ஆளுக்கொரு கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் புதிதாக வேறொன்றைத் தொடங்குகிறார்கள். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டு, வீட்டில் கேட்கத் தயங்கித் தயங்கி வாங்கிய குமாஸ்தாவின் பணமும் அந்தப் பீரோவுக்குள் போய்விடுகிறது. (காசு கொடுத்தால் புராஜெக்டையே செய்து கொடுத்துவிடும் கடைகள் பெங்களூரில் இருப்பது ஊரறிந்த ரகசியம். அந்தக் கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.)

இதற்கு மாணவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. நடுவர்களின் எதிரே, மேஜைமேல் கருவி ஓடினால் போதும் என்பது போட்டியின் விதி. நோயாளியின் வீட்டில் ஓடுகிறதா என்று யாரும் கேட்பதில்லை. மாணவர்கள் விதிக்கு ஏற்றபடி நடக்கிறார்கள்.

வேறு விதமாகவும் நடக்கலாம் என்பதற்குச் சான்று இருக்கிறது. 2007-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில், மேற்படிப்பு மாணவர் சிலருக்கு, குறைமாதக் குழந்தைகளுக்கான இன்குபேட்டரை மிக மலிவாகச் செய்யும்படி வகுப்புப் பாடமாகவே வேலை கொடுத்தார்கள். நேபாளத்துக்குப் போய்ப் பார்த்தபோது, ஆஸ்பத்திரியில் இன்குபேட்டர்கள் காலியாகக் கிடந்தன. குழந்தைகள் பிறந்ததும் இறந்ததும் தொலைவிலிருந்த கிராமங்களில்! ஆகவே பெட்டி வேண்டாம், பை போதும் என்று முடிவு செய்தார்கள். 37 டிகிரியில் உருகும் மெழுகு போன்ற ஒரு பொருளைச் சூடாக்கிப் பைக்குள் வைத்தால், மின்சாரம் இல்லாமலே சில மணி நேரம் குழந்தைக்கு அதே சூடு கிடைக்கும். படிப்பு முடிந்தும் அவர்கள் விடவில்லை. பெங்களூருக்கே வந்து தங்கி, 2011-ல் அதை வெளியிட்டார்கள்.

அதில் ஒரு சுவையான செய்தி உண்டு. வெப்பத்தை எண்ணாகக் காட்டிய மாதிரியை இந்தியக் கிராமத் தாய் ஒருத்தியிடம் காட்டியபோது, 37 என்றால் 30 போதும் என்று வைத்துக்கொள்வேன் என்றாளாம். டாக்டர் கொடுக்கும் மருந்து எப்போதும் வீரியம் அதிகம், குறைத்துக் கொடுப்பதுதான் குழந்தைக்கு நல்லது என்பது அவள் கணக்கு. உடனே எண்ணை எடுத்துவிட்டு, சரி, சரியில்லை என்று மட்டும் காட்டும்படி மாற்றினார்கள். எந்த நடுவர் இதைச் சொல்லிக் கொடுத்திருப்பார்?

பொறுமைக்குச் சான்று வேண்டுமானால் திருவனந்தபுரத்தைப் பார்க்கலாம். ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தானும் அவரது பொறியியல் குழுவினரும் செயற்கை இதய வால்வு செய்யப் பத்தாண்டுக்கு மேல் உழைத்தார்கள். முதல் மூன்று மாதிரிகளும் தோற்றன. 1990 டிசம்பரில்தான் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பின்னர் டி.டி.கே. நிறுவனம் உற்பத்தியை ஏற்றது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வால்வுகள் பொருத்தப்பட்டுள்ளன. ஓராண்டுப் போட்டியாக இருந்திருந்தால், முதல் மாதிரியோடு கதை முடிந்திருக்கும்!

மைசூர் மாணவர்கள் விஷயம் தேடி எங்கும் அலைய வேண்டாம். மானசகங்கோத்ரியில், 1965-ல் தோன்றிய மத்திய அரசின் அகில இந்திய பேச்சு, செவிப்புலன் நிறுவனம் இருக்கிறது. காது கேட்கும் கருவி வாங்கியவர்களின் கஷ்டங்களை அங்கே கேட்டாலே பத்துப் போட்டிக்கு விஷயம் கிடைக்கும். காதில் சரியாகப் பொருந்தாவிட்டால் கருவி விசில் அடிக்கிறது. வியர்வையும் ஈரமும் பட்டால் கெடுகிறது. பட்டன் போன்ற சிறு பாட்டரியை மாற்ற, நடுங்கும் விரலால் முடிவதில்லை. சில நாள் பார்த்துவிட்டுக் கிழவி அதை டப்பாவில் போட்டு மூடிவிடுகிறாள்.

தமிழர்களுக்கு இதில் இன்னொரு கவலையும் சேர்ந்து கொள்கிறது. பேச்சு எவ்வளவு புரிகிறது என்பதைச் சொற்களைச் சொல்லித்தான் சோதிக்கிறார்கள். பட்டு, தட்டு, கட்டு என்ற வித்தியாசம் காதுக்கு எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிள்ளையோடு மைசூருக்கு வந்து தங்கிவிட்ட, தமிழ் தவிர வேறு மொழி அறியாத பாட்டியைக் கன்னடச் சொற்களால் சோதித்தால், தவறியது காதா, மொழியா என்று தெரியாது. பேசும் கருவி, பயிற்சி தரும் கருவி என்று எதைச் செய்தாலும், வீட்டில் தமிழும் வெளியில் கன்னடமும் பேசும் தொழிலாளி வீட்டுப் பிள்ளை அந்தக் குழுவில் இருந்தால் இந்தக் குறை முதல் நாளே கண்ணில் படும். தறிச் சத்தத்திலும் பட்டறைச் சத்தத்திலும் தகப்பனின் காது மந்தமானதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்குப் பிரச்னையை யாரும் விளக்க வேண்டியதும் இல்லை.

போட்டி படிப்புக்காகத்தான், கருவி கிடைப்பது இரண்டாம் பட்சம் என்று சில பேராசிரியர்கள் சொல்லக்கூடும். அதுவும் ஒரு நியாயமே. அப்படியானால் ஏழை நோயாளியின் பெயரைச் சொல்லிப் பரிசு கேட்க வேண்டியதில்லை. தவிர, கல்லூரியில் செய்ததை நேரே நோயாளிக்கு மாட்டிவிடவும் முடியாது. 2017-ம் ஆண்டு மருத்துவக் கருவி விதிகள் இருக்கின்றன. சோதனைக்கு அனுமதி வேண்டும், விற்பனைக்கு உற்பத்தி செய்ய லைசென்ஸ் வேண்டும். இதற்கெல்லாம் ஓராண்டு போதாது என்பதால்தான் முறையை மாற்ற வேண்டியிருக்கிறது.

பரிசுப் பணத்தில் பாதியை மேடையில் கொடுக்கட்டும். மீதியை, அதே கருவியை எடுத்துத் திருத்தும் அடுத்த ஆண்டு மாணவர்களுக்கு ஒதுக்கட்டும். கே.ஆர். ஆஸ்பத்திரி நர்ஸையும், வார்டு ஆயாவையும், கருவி பழுது பார்ப்பவரையும் நடுவர் நாற்காலியில் உட்கார வைக்கட்டும். அடுத்த போட்டிக்கு நோட்டீஸ் அச்சிடும்போது, சென்ற ஆண்டுகளில் பரிசு பெற்ற கருவிகளில் எது எது, எந்த ஆஸ்பத்திரியில், யார் கையில் இருக்கிறது என்ற பட்டியலையும் அதே நோட்டீஸில் சேர்த்து அச்சிடட்டும்.